ஜாவாக் குருவி: உலகமெல்லாம் கூண்டில், சொந்த வயலில் காணோம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

செல்லப் பறவை விற்கும் கடைகளில் லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குப் பக்கத்தில் இந்தப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். தடித்த சிவப்பு அலகு, கறுப்புத் தலை, சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைக் கன்னம், சாம்பல் நிற முதுகு, இளஞ்சிவப்பு வயிறு. ஊர்க்குருவியைவிடச் சற்றே பருமன். கடைக்காரர் இதை 'ஜாவா' என்பார். உடம்பு முழுக்க வெள்ளையாக இருந்தால் 'ஒயிட் ஜாவா'.

எங்கள் பென்னலூர்ப் பக்கம் அடுக்குமாடிகள் வந்தபின் பால்கனிகளில் இந்தக் கூண்டுகளும் வந்துவிட்டன. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஒருநாள் கேட்டாள்: "சார், ஜாவான்னா அந்த ஜாவா தீவா? அங்கே இது கூட்டம் கூட்டமா இருக்குமா?"

அந்தத் தீவுதான். ஆனால் அங்கே இப்போது இது கூட்டம் கூட்டமாக இல்லை. பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டாவது வரிக்குள் முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அது நெல்லின் வரலாறு, கப்பலின் வரலாறு, மனிதன் ஒரு உயிருக்கு வைக்கும் பெயரின் வரலாறு. நம் ஊர் ஏரிக்கரைக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் தீவைப் பார்ப்போம்.

ஜாவாவின் பரப்பு ஏறத்தாழ 1,29,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000. கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் அங்கே வாழ்பவர்கள் 15 கோடிக்கும் மேல். நம்மைப் போல இரண்டு மடங்கு. எரிமலைச் சாம்பல் கலந்த மண், நல்ல மழை, படிப்படியாக இறங்கும் நெல் வயல்கள். நம் முன்னோருக்கு இந்தத் திசை புதிதல்ல. மணிமேகலையில் வரும் 'சாவகம்' நினைவிருக்கிறதா? அங்கே மழை பொய்த்துப் பஞ்சம் என்று கேள்விப்பட்டு, அமுதசுரபியோடு ஆபுத்திரன் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்படுகிறான். மறுபிறவியில் அந்தச் சாவக நாட்டிலேயே அரசனாகிறான். சோறும் பசியும் சேர்ந்த கதை அது. நாம் பேசப்போகும் குருவியின் கதையும் சோற்றில்தான் தொடங்குகிறது.

இந்தக் குருவியின் தாயகம் ஜாவா, பாலி, பக்கத்துச் சிறு தீவான பவியான். உலகில் வேறெங்கும் இது இயற்கையாகத் தோன்றவில்லை. நம் வயல்களில் திரியும் சில்லைகளின் நெருங்கிய சொந்தம் இது. புல்விதைதான் இதன் பழைய உணவு. மனிதன் காட்டைத் திருத்தி நெல் விதைத்தான். நெல்லும் புல் வகைதானே? குருவிக்கு அது பெரிய விதையுள்ள நல்ல புல். காடு வயலாக மாற மாற, குருவியின் எண்ணிக்கை பெருகியது. அறுவடைக் காலத்தில் மேகம் போல இறங்கும் அளவுக்குப் பெருகியது.

அங்கேதான் முதல் பெயர் சூட்டப்பட்டது.

1743இல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் பறவைப் படநூலில் இதை வரைந்து 'படா, அதாவது நெற்பறவை' என்று எழுதினார். 'படி' என்றால் மலாய் மொழியில் நெல். ஆங்கிலத்தில் நெல்லுக்கு வழங்கும் 'பேடி' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. 1758இல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் உயிர்களுக்கெல்லாம் இருசொல் பெயர் வைத்தபோது, இதற்கு 'ஒரைசிவோரா' என்று வைத்தார். பொருள்: அரிசி தின்னி. (ஒரைசா என்ற கிரேக்கச் சொல் நம் 'அரிசி'யிலிருந்து போனது என்று சிலரும், வேறு வழியில் போனது என்று சிலரும் வாதிடுகிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.)

கவனியுங்கள். அழகான பறவை. பாடும் பறவை. ஆனால் பெயர் வைத்தவர்கள் நிறத்தைப் பார்க்கவில்லை, பாட்டைக் கேட்கவில்லை. நம் தட்டிலிருந்து எதை எடுக்கிறது என்பதைத்தான் பார்த்தார்கள். அறிவியல் பெயரே ஒரு குற்றப்பத்திரிகை.

விவசாயியைக் குறை சொல்ல முடியாது. நம்மூரிலும் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் தகர டப்பா தட்டியிருக்கிறோம். பழைய கேசட் நாடாவை வயலுக்குக் குறுக்கே கட்டி விட்டிருக்கிறோம், காற்றில் அது 'விர்' என்று அதிரும். தினைப்புனத்துப் பரணில் நின்று கவண்கல் வீசி ஆலோலம் பாடிய வள்ளியை நாம் தெய்வமாகவே கும்பிடுகிறோம். விரட்டுவது வேறு, ஒழிப்பது வேறு. வள்ளி விரட்டினாள். குருவி அடுத்த புனத்துக்குப் போனது. மறுநாள் திரும்பி வந்தது. வள்ளியும் பரண் ஏறினாள். ஜாவாவில் நடந்தது விரட்டலோடு நிற்கவில்லை. வலை போட்டுப் பிடித்தார்கள், பயிருக்கு எதிரி என்று கொன்றார்கள்.

இனி இரண்டாவது பெயர்.

ஜாவா துறைமுகங்களிலிருந்து மிளகும் கிராம்பும் ஏற்றிய கப்பல்களில் கூண்டுகளும் ஏறின. இது தானியம் தின்னும் பறவை, மாதக்கணக்கான பயணத்தைத் தாங்கும். பழமோ புழுவோ தேட வேண்டியதில்லை, ஒரு பை நெல் போதும். நெல் தின்பதால் எதிரியான பறவை, அதே காரணத்தால் வசதியான சரக்கும் ஆனது.

ஜப்பானியர்கள் இதை 'புன்சோ' என்றார்கள். 1697இல் வெளியான அவர்களுடைய உணவு நூல் ஒன்றிலேயே இது வெளிநாட்டிலிருந்து வரும் பறவையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பின்னர் அய்ச்சி மாகாணத்தின் யத்தோமி என்ற ஊரில் விவசாயக் குடும்பங்கள் துணைத் தொழிலாக இதை வளர்த்தன. முழு வெள்ளை ஜாவாவுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த ஊர் அதுதான். நம் பால்கனியில் இருக்கும் ஒயிட் ஜாவா காட்டில் இருந்ததே இல்லை. அது மனிதன் தேர்ந்தெடுத்து உருவாக்கிய நிறம்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஜப்பானியர்கள் யாராவது உங்களுக்குப் பழக்கமாக இருந்தால் 'புன்சோ' என்று சொல்லிப் பாருங்கள். நட்சுமே சோசெகி என்ற எழுத்தாளரும் பேச்சில் வரக்கூடும். ஆயிரம் யென் நோட்டில் படம் அச்சடிக்கப்பட்ட மனிதர் அவர். எழுத்தாளராகும் முன் ஆங்கில ஆசிரியர். 1908இல் அவர் 'புன்சோ' என்ற தலைப்பிலேயே ஒரு சிறு படைப்பு எழுதினார். நண்பர் சொன்னார் என்று ஒருவர் இந்தக் குருவியை வாங்குகிறார். முதலில் அதன் ஒவ்வொரு அசைவும் அதிசயம். பிறகு எழுத்து வேலை கழுத்தை நெரிக்கிறது. தீனி வைக்க மறக்கிறார். வீட்டுப் பணிப்பெண் வைத்திருப்பாள் என்று விட்டுவிடுகிறார். ஒருநாள் பார்த்தால் தீனிக் கிண்ணம் காலி, தண்ணீர் காலி, குருவி செத்துக் கிடக்கிறது. அந்த மனிதர் பணிப்பெண் மேல் கோபப்படுகிறார். அவ்வளவுதான் கதை. நூறு ஆண்டு தாண்டியும் அது படிக்கப்படுகிறதென்றால் காரணம் இருக்கிறது. ஆசையாக வாங்கியவன் கையிலேயே ஒரு உயிர் சாகிறது, அவனோ குற்றவாளியை வேறிடத்தில் தேடுகிறான். இந்தக் குருவியின் மொத்த வரலாற்றுக்கும் இந்தக் குட்டிக் கதை பொருந்தும்.

கப்பல் போன இடமெல்லாம் குருவியும் போனது. சில இடங்களில் தப்பியது, சில இடங்களில் வேண்டுமென்றே பறக்க விட்டார்கள். செயின்ட் ஹெலினா தீவு, சான்சிபார், மொரீஷியஸ், பினாங்கு, சிங்கப்பூர், பிஜி, கொழும்பு என்று பட்டியல் நீளும். நம் சென்னையும் அதில் உண்டு. கூண்டிலிருந்து தப்பிய ஜாவாக் குருவிகள் மதராஸ் பக்கம் வெளியில் திரிந்ததை ஆங்கிலேயர் காலப் பறவை நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. இங்கே அவை நிலைக்கவில்லை. ஹவாய் தீவுகளில் 1960களில் காலூன்றியவை நிலைத்துவிட்டன. இன்று ஹொனலுலு நகரத்துப் புல்தரைகளில் சர்வ சாதாரணமாக மேய்கின்றன.

இப்படி ஒரே பறவைக்கு இரண்டு பெயர்கள். வயலில் திருடன், வீட்டில் செல்லம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் போலத் தெரியும். ஒன்றில் வெறுப்பு, இன்னொன்றில் ஆசை. ஆனால் வலை வீசியவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வயல்காரன் "பிடித்துப்போ" என்கிறான். வியாபாரி "கொண்டு வா" என்கிறான். வெறுப்பவனும் விரும்புபவனும் ஒரே வலையின் இரண்டு முனையைப் பிடித்தார்கள்.

1960களிலும் 70களிலும் இந்த வணிகம் உச்சத்தில் இருந்தது. பக்கத்து ஊர்களில் விற்றது போக, வெளிநாடுகளுக்கும் பெரிய அளவில் கூண்டு கூண்டாகப் போயின. பூச்சிமருந்தும் சேர்ந்து அடித்தது. "இவ்வளவு இருக்கிறதே, குறையவா போகிறது?" என்று எல்லோரும் நினைத்த பறவை, கண்முன்னே குறைந்தது. முன்பு இது வாழ்ந்ததாகத் தெரிந்த 64 இடங்களில் பிற்காலத்தில் தேடிப் பார்த்தார்கள். 17 இடங்களில் மட்டும் கண்ணில் பட்டது. மொத்தம் 109 பறவைகள். ஒரு காலத்தில் ஒரே வயலில் இறங்கிய கூட்டத்தின் எண்ணிக்கைகூட இதைவிட அதிகம் இருந்திருக்கும்.

1997இல் சைட்டிஸ் என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது 'அருகிவரும் இனம்' என்ற நிலைக்கு ஏறியது. 'ஏறியது' என்று சொல்வதே வேதனை. அந்தப் பட்டியலில் ஏறுவது என்றால் வாழ்க்கையில் இறங்குவது.

ஜாவா மக்கள் பறவையை வெறுப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆண்மகனுக்கு வீடு, மனைவி, குதிரை, கிரீஸ் என்ற குறுவாள், பறவை ஆகிய ஐந்தும் வேண்டும் என்பது அவர்களுடைய பழைய வாக்கு. பறவைப் பாட்டுப் போட்டிகள் அங்கே நம்மூர் ஜல்லிக்கட்டு போலக் களைகட்டும், பரிசும் உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஜாவாவில் கூண்டுகளில் இருக்கும் பறவைகள் 6.6 கோடி முதல் 8.4 கோடி வரை என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டு மக்கள்தொகை அளவுக்குக் கூண்டுப் பறவைகள்! காடுகளோ மௌனமாகிக்கொண்டிருக்கின்றன. இதற்கு 'ஆசியப் பாடும் பறவை நெருக்கடி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அன்பு குறைவால் வந்ததல்ல இது. அன்பு என்ற பெயரில் உடைமை கொண்டாடியதால் வந்தது.

இந்தக் குருவியின் பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டு இதற்குப் பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை. ஆண் குஞ்சு பெரும்பாலும் தகப்பன் பாடுவதைக் கேட்டுக் கற்கிறது. பாட்டின் நடுவே அலகால் 'டக்' 'டக்' என்று சொடுக்குப் போடும். எந்த இடத்தில் சொடுக்க வேண்டும் என்பதற்கும் முறை உண்டு என்று ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். பாட்டும் மிருதங்கமும் ஒரே ஆள்! ஜோடி சேரும்போது ஆணும் பெண்ணும் எதிரெதிரே குதித்து ஆடும். ஷிகெரு வத்தனபே என்ற பேராசிரியர் 1999இல் வெளியிட்ட சோதனையில், பாக் என்ற மேதையின் இசையையும் ஷோன்பெர்க் என்ற நவீன இசையமைப்பாளரின் இசையையும் இந்தக் குருவிகளால் பிரித்தறிய முடிந்தது. 'அரிசி தின்னி' என்று நாம் ஒதுக்கிய பறவைக்கு இவ்வளவு கேள்வி ஞானம்.

கற்றுக்கொள்ளும் பாட்டு என்றால் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரீஜண்ட் தேன்உண்ணி என்ற பறவை மிகவும் குறைந்துபோனதால், இளம் ஆண்களுக்குத் தம் இனத்துப் பாட்டைக் கற்பிக்கப் பெரியவர்கள் இல்லாமல் போனார்கள். அவை வேறு பறவைகளின் பாட்டைப் பாடித் திரிவதை 2021இல் பதிவு செய்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டு கரும்பலகை முன்னால் நின்றவன் நான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம்தானே அது?

சரி, ஹவாயில் நிறைய இருக்கிறதே, ஜப்பானில் வளர்க்கிறார்களே, நாலு கூண்டு கொண்டுபோய் ஜாவாவில் திறந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பிரச்சினை பறவை இல்லாததல்ல, வலை இன்னும் இருப்பது. பக்கத்துத் தீவின் பாலி மைனாவைப் பாருங்கள். வெள்ளை உடம்பு, கண்ணைச் சுற்றி நீலம். கண்டவர்கள் மயங்குவார்கள். அந்த மயக்கமே எமன். 2001இல் காட்டில் மிஞ்சியவை வெறும் ஆறு. காட்டில் விட வளர்த்து வந்த பறவைகளையே 1999இல் ஆயுதக் கும்பல் ஒன்று கொள்ளையடித்துப் போனது. அரசு, சட்டம், காவல் எல்லாம் இருந்தும் தடுக்க முடியவில்லை.

பிறகு ஒன்று நடந்தது. பாலிக்குத் தென்கிழக்கே நுசா பெனிடா என்ற சிறு தீவு. அங்குள்ள கிராமங்கள் 2006 வாக்கில் தங்கள் ஊர்ச் சட்டத்திலேயே பறவைப் பாதுகாப்பைச் சேர்த்தன. அந்த மரபுச் சட்டத்துக்கு 'அவிக்-அவிக்' என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் ஊர்க்கட்டுப்பாடு. பறவையைத் தொட்டவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே விடப்பட்ட மைனாக்கள் கூடு கட்டின, குஞ்சு பொரித்தன.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது நம் வேடந்தாங்கல். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பென்னலூரும் வேடந்தாங்கலும் ஒரே குடும்பம். அங்கே ஏரியில் பறவைகளைச் சுடுவதை ஊரார் எதிர்த்தார்கள். 1798இல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து 'கவுல்' என்ற உரிமைச் சாசனம் வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். இந்தியாவில் வனவிலங்குச் சட்டம் வந்தது 1972இல். அதற்கு 174 ஆண்டு முன்பே நம் விவசாயிகள் செய்த காரியம் இது. ஏன் செய்தார்கள்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டில் இருக்கும் குஞ்சு பயந்துவிடும் என்பதற்காக.

ஆக, அதே நெல்தான். ஜாவாவில் நெல்லின் பெயரால் ஒரு பறவை எதிரியானது. வேடந்தாங்கலில் நெல்லின் பெயரால் பறவைகள் ஊரின் பங்காளி ஆயின. வேடந்தாங்கலில் இறங்குபவை நீர்ப்பறவைகள், நெல்லைத் தின்பவை அல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் வாசலில் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னித் தொங்கவிட்டவர்களும் நாம்தான். அது யாருக்கு? நெல் தின்னும் குருவிக்குத்தான். களத்தில் விரட்டினோம், வாசலில் பங்கு வைத்தோம். இதில் 'திருடன்' என்ற பெயரும் இல்லை, 'செல்லம்' என்ற பெயரும் இல்லை. மூன்றாவதாக ஒரு உறவு இருக்கிறது: 'நம்ம ஊர்க் குருவி'. பிடிக்கவும் மாட்டோம், ஒழிக்கவும் மாட்டோம், அதன் பாட்டுக்கு இருக்கட்டும். ஜாவாக் குருவிக்குக் கிடைக்காமல் போனது அந்த மூன்றாவது பெயர்தான்.

இந்த ஜாவாவில்கூட ஒரு இடம் உண்டு. யோக்யகர்த்தா அருகே பிரம்பனன் சிவன் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில் கட்டியது, சுவரெல்லாம் இராமாயணச் சிற்பம். அந்தக் கோயில் கல் இடுக்குகளில் ஜாவாக் குருவிகள் கூடு வைப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கோபுரத்துப் புறாவும் கிளியும் போல. வயல் கைவிட்டபோது கோயில் இடம் கொடுத்திருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஜாவா கதையை இவ்வளவு நேரம் சொன்னதே இதற்காகத்தான்.

நம் சில்லைகளுக்கும் அதே இரண்டு பெயர்கள் உண்டு. புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்முதுகுச் சில்லை, சிவப்புச் சில்லை என நாலைந்து வகை. சிவப்புச் சில்லையின் அறிவியல் பெயர் 'அமந்தவா'. அகமதாபாத் என்ற ஊர்ப்பெயரின் திரிபு அது. அங்கிருந்துதான் கூண்டுகளில் ஏற்றுமதி ஆனதாம். பறவையின் பெயரே சந்தையின் பெயர்! 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டுப் பறவைகளின் வணிகத்தை அரசு தடை செய்தது. அதற்கு முன் சில்லைகள் இந்தியாவிலிருந்து ஏராளமாக வெளிநாடு போயின. இன்றும் திருட்டுத்தனமாகப் பிடித்து, பச்சை, மஞ்சள் என்று சாயம் பூசி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நம் பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் பேசிய காலம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் கார் வெளிவந்தது. பிறகு ஒரகடம். வயல்கள் மனைகளாகி, மனைகள் கிடங்குகளாகிவிட்டன. வேலை வந்தது, பிள்ளைகள் முன்னேறினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தச் சோறுதான். ஆனால் நெல் போனபின் சில்லைக்கு மிச்சம் இருப்பது ஏரிக்கரைப் புல், கால்வாய் ஓரத்துக் கோரை, முள்வேலி. அதையும் 'சுத்தம் செய்கிறோம்' என்று ஜேசிபி வைத்து வழித்துவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. நெல் தின்கிறது என்று விரட்ட இனி யாரும் இல்லை. விரட்டுவதற்கு நெல்லே இல்லை. சத்தமில்லாமல் போய்விடும். போனதும் தெரியாது.

இன்றைக்கும் பென்னலூர் ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்குள் போனால் புள்ளிச் சில்லைகள் புல்தாளில் தொங்கிக்கொண்டு விதை உருவுவதைப் பார்க்கலாம். "நிறைய இருக்கிறதே" என்று தோன்றும். ஜாவாக்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

எனவே நாலு வேண்டுகோள். வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. நம் நாட்டுச் சில்லையையோ, கிளியையோ, மைனாவையோ யார் விற்றாலும் வாங்காதீர்கள். சட்டப்படி குற்றம். "பாவம், காசு கொடுத்து விடுவிக்கிறேன்" என்று வாங்குவதும் வேண்டாம். அந்தக் காசு அடுத்த வலைக்குப் போகும். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இரண்டு. வீட்டில் ஏற்கெனவே ஜாவா வளர்ப்பவர்கள் குற்ற உணர்வில் கூண்டைத் திறந்துவிட வேண்டாம். கூண்டில் பிறந்து வளர்ந்த பறவை வெளியே பிழைப்பது அரிது. பிழைத்தாலும் நம் சில்லைகளோடு தீனிக்கும் கூட்டுக்கும் போட்டி போடும். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தீனியும் தண்ணீரும் வைப்பது யார் பொறுப்பு என்று வீட்டில் ஒருவர் பெயரைச் சொல்லி முடிவு செய்யுங்கள். சோசெகி கதை நினைவிருக்கட்டும். சைட்டிஸ் பட்டியல் பறவை என்பதால் 2022 சட்டத் திருத்தத்தின்படியும் 2024 விதிகளின்படியும் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பலருக்கு இது தெரியவில்லை.

மூன்று. ஏரிக்கரை, கால்வாய் தூர்வாரும் வேலை நம் ஊரில் நடக்கும்போது, ஒரு பக்கக் கரைப் புல்லையாவது விட்டுவைக்கும்படி கிராமசபையில் கேளுங்கள். பணம் செலவில்லாத கோரிக்கை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் மரக்கன்று நடுபவர்களிடமும் சொல்லுங்கள்: மரம் நல்லது, புல்லும் வேண்டும்.

நான்கு. பள்ளி ஆசிரியர்களே, பிள்ளைகளை ஒருநாள் காலை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். எத்தனை சில்லை என்று எண்ணச் சொல்லுங்கள். நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் மறுபடி எண்ணட்டும். எண்ணப்பட்ட பறவைதான் குறைந்தால் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அவள் கடைசியாக ஒன்று கேட்டாள்: "அப்போ நம்ம குருவிக்கு என்ன பேரு சார்?" சில்லை என்றேன். அவள் அந்தச் சொல்லை அதுவரை கேட்டதே இல்லையாம். அவளுடைய பிள்ளைகளுக்கு ஜாவாவும் காக்டெய்லும் தெரியும், சில்லை தெரியாது.

உங்கள் ஊரில் இந்தக் குருவியை எப்படிச் சொல்வார்கள்? நெல்லுக்குருவி என்பார்களா, தினைக்குருவி என்பார்களா, வேறு பெயரா? வீட்டில் பெரியவர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகத் தொகுத்து அடுத்த ஞாயிறு போடுகிறேன்.